சமன்பாட்டுக்கு மொழி உண்டு

அண்மையில் திருப்பதியில் நடந்த ஒரு கருத்தரங்கில், பள்ளி அறிவியல் பாடநூல்களின் மொழி குறித்துச் சிறு கட்டுரை ஒன்றை வாசித்தேன். முடித்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார். "சமன்பாட்டுக்கு ஏது மொழி? மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை; இரண்டையும் பெருக்கினால் திறன். இதில் தமிழென்ன, தெலுங்கென்ன, ஆங்கிலமென்ன?" என்றார். அவை சிரித்தது. தேநீர் இடைவேளை நெருங்கிவிட்டதால் மறுமொழி கூற எனக்கு நேரம் தரப்படவில்லை. அம்மறுமொழியை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம், பொறுத்தருள்க.

அவர் கூற்றைத் தனியொருவரின் கருத்தாக மட்டும் நான் கொள்ளவில்லை. அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற 2019 நவம்பரில் ஆந்திர அரசு ஆணை பிறப்பித்தபோதும், 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியபோதும், வழக்கு உச்சநீதிமன்றத்துக்குச் சென்றபோதும், துறை அறைகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட வாதம் இது: இலக்கியத்துக்குத்தான் தாய்மொழி வேண்டும், கணக்கும் இயற்பியலும் குறியீடுகளால் ஆனவை, அவற்றை எம்மொழியில் கற்றாலும் ஒன்றே. ஆங்கில வழியை ஆதரித்தவர்கள் மட்டுமல்லர், எதிர்த்தவர்களிலும் பலர் இதை ஒப்புக்கொண்டே பேசினர். தாய்மொழியைப் பண்பாட்டின் பெயரால் காக்க முயன்றார்களேயன்றி அறிவின் பெயரால் காக்க எவரும் முன்வரவில்லை.

மொழியியல் பயின்றவர் என்ற முறையில் நான் சொல்வது இது. ஒரு சமன்பாடு பாதி விழுங்கப்பட்ட வாக்கியம். விழுங்கப்பட்ட பாதியில் இருப்பவை இரண்டு: நிபந்தனையும் வேற்றுமையும். அவ்விரண்டையும் மீட்டெடுக்காத மாணவர் விடையாக எண்ணைத் தருவார், பொருளைத் தரமாட்டார். மீட்டெடுப்பதோ, தாம் சிந்திக்கும் மொழியில்தான் இயலும்.

முதலில் நிபந்தனை. என் ஊர் சித்தூருக்குத் தெற்கே, வேலூர்ச் சாலையில், குடிபாலைப் பக்கம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, படிப்பு ஆங்கிலம் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்த வழக்கமான முக்கோணம். என் தாய்மாமன் சித்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஆழ்துளைக் கிணற்றை நம்பியே வேளாண்மை நடக்கும் மாவட்டத்தில் அக்கடைக்குக் கோடையில் ஓய்வே இராது. சென்ற கோடையில் கருகிய மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, "வோல்டேஜ் எறங்குனா ஆம்ப்ஸ் ஏறிடும். அதான் காயில் போச்சு" என்றார். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகன் பக்கத்தில் இருந்தான். "இல்லப்பா, வோல்டேஜ் கொறஞ்சா கரண்ட்டும் கொறையும். ஓம் லா" என்றான். மாமா சிரித்துவிட்டு, "அப்ப உன் ஓம் லா வந்து காயில் கட்டிக் குடுக்கட்டும்" என்றார். அவன் முகம் வாடிவிட்டது.

யார் சொன்னது சரி? இருவர் சொன்னதும் சரி. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

230 வோல்ட்டில் 1000 வாட் இழுக்கும் வெந்நீர்க் கம்பிச்சுருளை எடுத்துக்கொள்க. திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் சுமார் 4.35 ஆம்பியர். மின்னழுத்தத்தை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை சுமார் 52.9 ஓம். கோடையில் மின்னழுத்தம் 180 வோல்ட்டாக இறங்குகிறது. சுருளின் மின்தடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே மின்னோட்டம் 3.4 ஆம்பியராகக் குறையும். திறன் சுமார் 612 வாட்டாக விழும். தண்ணீர் சூடேற நேரம் பிடிக்கும், அவ்வளவே, சுருளுக்குக் கேடில்லை. பையன் சொன்னது இதுதான்.

இனி மாமாவின் மோட்டார். ஐந்து குதிரைத்திறன் கொண்ட மும்முனை மோட்டார் ஒன்று, 415 வோல்ட்டில், முழுச் சுமையில் ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். அதன் முன் நிற்கும் வேலை, இவ்வளவு ஆழத்திலிருந்து இவ்வளவு நீரை மேலேற்றுவது. மின்னழுத்தம் 340 வோல்ட்டாக இறங்கினாலும் கிணற்றின் ஆழம் குறைவதில்லை. மோட்டார் சற்றே வேகம் தளர்ந்து, அதே சுமையைச் சுமக்க மேலும் மின்னோட்டத்தை இழுக்கிறது. திறன் ஏறக்குறைய மாறாதெனக் கொண்டால், 415ஐ 340ஆல் வகுத்துவரும் 1.22 மடங்கு மின்னோட்டம் ஏறும். சுருளில் எழும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. அது ஏறத்தாழ 1.49 மடங்கு. அதாவது, மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. சுருளின் வெப்பம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது. காப்புப்பூச்சு கருகுவது இதனால்தான். மாமா சொன்னது இதுதான்.

இரு கூற்றுகளுக்கும் இடையிலான வேறுபாடு எங்கே இருக்கிறது? எண்களில் இல்லை, குறியீடுகளில் இல்லை. எது மாறாமல் நிற்கிறது என்பதில் இருக்கிறது. கம்பிச்சுருளில் மாறாதது மின்தடை. மோட்டாரில் ஏறக்குறைய மாறாதது சுமை. "மின்தடை மாறாதிருக்க, மின்னழுத்தம் குறையின் மின்னோட்டம் குறையும்." "சுமை மாறாதிருக்க, மின்னழுத்தம் குறையின் மின்னோட்டம் கூடும்." இரண்டும் முழு வாக்கியங்கள். சமன்பாடு இவற்றின் முதற்பாதியை எழுதுவதே இல்லை. அந்த வினையெச்சத் தொடரை விழுங்கிவிட்டுப் பின்பாதியை மட்டும் மாணவர் கையில் கொடுக்கிறோம். பிறகு, சமன்பாட்டுக்கு மொழியில்லை என்கிறோம்.

திறனுக்கான இரு வாய்பாடுகளைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று, மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்குவது. மற்றொன்று, மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுப்பது. மின்தடை கூடினால் திறன் கூடுமா, குறையுமா? முதல் வாய்பாடு கூடும் என்பதுபோல் தோன்றும்; இரண்டாவது குறையும் என்பதுபோல் தோன்றும். தொடரிணைப்பில் எல்லாவற்றின் வழியேயும் ஒரே மின்னோட்டம் பாய்வதால் முதலாவது பேசும். பக்க இணைப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே மின்னழுத்தம் கிடைப்பதால் இரண்டாவது பேசும். இந்த "ஆதலால்" எந்தக் குறியீட்டிலும் இல்லை.

இன்னும் ஒரு படி உள்ளே செல்வோம். நாம் ஓம் விதி என்று எழுதும் அந்த ஒற்றை வரிக்குள் குறைந்தது இரண்டு வெவ்வேறு வாக்கியங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று வரையறை: மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்துக் கிடைப்பது மின்தடை எனப்படும். இது பொய்யாக முடியாது. நாம் வைத்த பெயர் அது. மற்றொன்று விதி: வெப்பநிலை முதலியன மாறாதவரை, ஓர் உலோகக் கடத்தியில் அந்த ஈவு மாறாதிருக்கும். இது உலகைப் பற்றிய கூற்று, சோதித்துப் பார்க்கலாம், சில இடங்களில் பொய்யாகவும் ஆகலாம். பழைய 60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் எரியும்போது அதன் மின்தடை சுமார் 882 ஓம். அணைத்து, ஆறவிட்டு, மல்ட்டிமீட்டரால் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இங்கே வரையறை நிற்கிறது. வெப்பநிலை மாறிவிட்டதால் விதியின் நிபந்தனை நீங்கிவிட்டது. தமிழ் இவ்விரண்டையும் வினைமுற்றிலேயே பிரித்துக் காட்டுகிறது: ஒன்று "எனப்படும்", மற்றொன்று "இருக்கும்". சமக்குறி இரண்டையும் ஒரே இரட்டைக் கோட்டுக்குள் அடைத்துவிடுகிறது. நம் பள்ளிகளில் பரவியிருக்கும் முக்கோணமோ, மூன்றெழுத்தை அடுக்கி ஒன்றை விரலால் மூடினால் விடை வந்துவிடும் என்று சொல்லி, அக்கோட்டையும் அழித்துவிடுகிறது. நானும் அம்முக்கோணத்தால் நூற்றுக்கு நூறு வாங்கியவர்தான். எனக்கு அப்போது எதுவும் விளங்கியிருக்கவில்லை.

அடுத்தது வேற்றுமை. மின்னழுத்த வேறுபாடு இரு புள்ளிகளுக்கு "இடையே" உள்ளது. மின்னோட்டம் ஒரு கம்பியின் "வழியே" பாய்வது. மின்தடை அப்பொருளு"டைய" பண்பு. இம்மூன்று உருபுகளைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு வோல்ட்மீட்டரை எங்கே இணைப்பது, அம்மீட்டரை எங்கே இணைப்பது என்று தனியே மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. இடையே இருப்பதை அளக்க இரு முனைகளிலும் வைக்கவேண்டும். வழியே பாய்வதை அளக்க வழியிலேயே வைக்கவேண்டும். தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைப் பொருளில் அடுக்கும் சொற்களுள் "இடை"யும் ஒன்று. பள்ளிக்கு வருமுன்பே எங்கள் பக்கத்துக் குழந்தை இச்சொற்களைப் பிழையின்றி ஆளும். தெலுங்கிலும் இவ்விரு உறவுகளுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. தெலுங்குக் குழந்தையும் அவற்றோடுதான் வருகிறது. ஆங்கிலத்தில் இவ்விடத்தில் நிற்பவை அக்ராஸ், த்ரூ என்னும் முன்னிடைச் சொற்கள். இரண்டாம் மொழி கற்போர் பெரிதும் தடுமாறும் இடங்களுள் முன்னிடைச் சொற்கள் ஒன்று என்பதை மொழியியல் மாணவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மின்னியலின் முழுச் சுமையும் அந்த இரு சிறு சொற்களின் தலையில் இருக்கிறது. நாம் அவற்றைத் தாண்டிக் குதித்து, எழுத்துகளை மட்டும் பலகையில் எழுதுகிறோம்.

விளைவு என்ன? உயர் மின்னழுத்தத்தில் மின்சாரத்தை அனுப்பினால் இழப்பு குறையும் என்று பாடம் சொல்கிறது. மாணவர் கேட்கிறார்: "திறன் என்பது மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுப்பதுதானே? அப்படியானால் மின்னழுத்தம் கூடினால் இழப்பும் கூடத்தானே வேண்டும்?" நல்ல கேள்வி. ஒரு ஓம் மின்தடையுள்ள கம்பித்தடத்தில் 10 கிலோவாட் அனுப்புவதாகக் கொள்க. 250 வோல்ட்டில் அனுப்பினால் 40 ஆம்பியர் பாயும். இழப்பு 1600 வாட். 1000 வோல்ட்டில் அனுப்பினால் 10 ஆம்பியர். இழப்பு 100 வாட். மாணவர் தம் வாய்பாட்டில் 1000 வோல்ட்டையே இட்டால் பத்து லட்சம் வாட் இழப்பு வரும். அனுப்புவதோ பத்தாயிரம் வாட்! பிழை எங்கே? அந்த 1000 வோல்ட் தடத்தின் இரு கம்பிகளுக்கு இடையே உள்ளது. இழப்பைக் கணிக்க வேண்டியதோ, தடத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே விழும் மின்னழுத்தம். அது வெறும் 10 வோல்ட். அதை இருமடியாக்கி ஒன்றால் வகுத்தால் அதே 100 வாட். "எவற்றுக்கு இடையே?" என்னும் ஒரு கேள்வி போதும். அக்கேள்வியைக் கேட்கக் கற்றுத்தராமல், "அங்கே அந்த வாய்பாட்டைப் போடாதே" என்று மட்டும் சொல்லித்தருகிறோம்.

இதுவரை எழுதியது ஆங்கிலவழியரை நோக்கி. இனி எழுதுவது என் சொந்தத் துறையினரை நோக்கி; அவர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் தமிழில் அறிவியல் என்றால் கலைச்சொல் ஆக்கம் என்றே நாம் பொருள்கொண்டிருக்கிறோம். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய முயற்சி போற்றத்தக்கது. 1940இல் சென்னை மாகாண அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த குழு வடமொழிச் சார்பான சொற்களை நோக்கிச் சாய்ந்தபோது தமிழறிஞர்கள் எதிர்த்துப் போராடியதும் நியாயமே. சித்தூர் அன்று அம்மாகாணத்துக்குள்தான் இருந்தது. ஆனால் அப்போராட்டம் முழுவதும் பெயர்ச்சொல் பற்றியது. எச்சொல் தூயது, எச்சொல் காரணப்பெயர் என்பதே கேள்வி.

பெயர்ச்சொல் அவ்வளவு முதன்மையானதா? தமிழ்நாட்டுப் பாடநூல் "திறன்" என்பதை இலங்கைப் பாடநூல் "வலு" என்கிறது. இங்கே "ஆற்றல்" என்பது அங்கே "சக்தி". யாழ்ப்பாணத்து மாணவரும் மதுரை மாணவரும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே விடையைக் காண்கிறார்கள். தெலுங்குப் பாடநூல் திறனுக்கு வழங்கும் சொல் எங்கள் காதுக்குச் "சாமர்த்தியம்" என்று ஒலிக்கும். ஆயினும் அதைக் கேட்டு எவரும் மோட்டாரைக் கெட்டிக்காரன் என்று எண்ணிவிடவில்லை. வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் யாவும் மனிதர்களின் பெயர்கள். அவற்றுள் ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் 1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஏற்றது. மின்னோட்டத்தைக் குறிக்கும் "ஐ" என்னும் எழுத்து, மின்னோட்டச் செறிவு என்னும் பொருளுள்ள பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்து. மொழியற்றதாகச் சொல்லப்படும் குறியீட்டுக்குள் பிரெஞ்சு இருக்கிறது என்பதைப் பேராசிரியரும் கவனிக்கலாம். 1827இல் ஜார்ஜ் சைமன் ஓம் தம் நூலை எழுதியபோது மின்தடை என்று நாம் சொல்வதைச் "சுருக்கப்பட்ட நீளம்" என்னும் பொருள்படும் ஜெர்மன் தொடரால் குறித்தார். பெயர் மாறியது, கருத்து நின்றது. கருத்தைத் தாங்கி நின்றவை வாக்கியங்கள். அகராதி அகராதியாகத் தொகுத்த நாம், அவ்வாக்கியங்களைத் தமிழில் எப்படி அமைப்பது என்பதற்கு ஒரு கையேடும் எழுதவில்லை.

என் மாமாவின் வாக்கியத்தை மறுபடி பாருங்கள். "வோல்டேஜ் எறங்குனா ஆம்ப்ஸ் ஏறிடும்." பெயர்ச்சொல் இரண்டும் ஆங்கிலம். நிபந்தனை தமிழ், வினை தமிழ், அறிவும் தமிழில் இயங்குகிறது. கலைச்சொல் அறிஞருக்கு இது கலப்புத் தமிழ், திருத்தவேண்டிய பிழை. எனக்கோ இது இம்மாவட்டத்தில் உயிரோடு இருக்கும் அறிவியல் தமிழ். இதில் குறையாக இருப்பது ஒன்றே: "சுமை மாறாதிருக்க" என்னும் தொடர். அதைச் சேர்த்துச் சொல்லவைத்தால் தொழிலறிவும் பாடஅறிவும் ஒரே வாக்கியத்தில் சந்தித்துவிடும். அன்று மாலை மாமன் மகனிடம், "ஹீட்டர்ல எது மாறாம இருக்கு? மோட்டார்ல எது மாறாம இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் கழித்து, "அப்பா சொன்னதும் கரெக்ட்டுதான், ஆனா ஓம் லா தப்பில்ல" என்றான். அந்த "ஆனா" எனக்குப் போதுமாக இருந்தது.

ஒரு மறுப்பு வரும்: உயர்கல்வி ஆங்கிலத்தில்தானே? ஆம். திருப்பதியில் 2015இல் தொடங்கிய ஐஐடியிலும் ஐசரிலும் பாடமொழி ஆங்கிலமே. ஆங்கிலம் வேண்டாமென்று நான் கூறவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல ஆங்கிலம் வேண்டும். ஆனால் நிபந்தனையை உணர்ந்த பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொல்ல ஓராண்டில் கற்றுக்கொள்ளும். நிபந்தனையையே உணராத பிள்ளை எந்த மொழியில் சொல்லும்? இருமொழிப் பாடநூல் என்ற பெயரில் ஒரு பக்கம் ஆங்கிலமும் எதிர்ப்பக்கம் தெலுங்கும் அச்சிட்டது நல்ல தொடக்கம். குப்பம், நகரி, சத்தியவேடு பக்கங்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கு அவ்விரு பக்கங்களுமே இரவல் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

முதலாவது, மின்னியல் கணக்கு ஒவ்வொன்றிலும் விடைக்கு முன் "இங்கே மாறாதது எது, ஏன்?" என்று ஒரு வாக்கியம் எழுதச் செய்யுங்கள், அதற்கு மதிப்பெண் கொடுங்கள், எம்மொழியிலும் எழுத இசைவு கொடுங்கள்.

இரண்டாவது, பாடநூலில் "மின்னழுத்தம்" வரும் இடந்தோறும் எவற்றுக்கு இடையே என்பதையும் எழுதுங்கள். இரண்டு சொல் கூடும், தாள் தீர்ந்துவிடாது.

மூன்றாவது, எம் துறையினருக்கு. சொற்பட்டியல் போதும். சித்தூரிலும் திருப்பதியிலும் காயில் கட்டுபவர்கள், வயர்மேன்கள், பம்ப்செட் வைத்திருக்கும் உழவர்கள் ஆகியோரின் வாக்கியங்களைத் தொகுப்போம். அவர்கள் காரணத்தையும் நிபந்தனையையும் எப்படித் தொடுக்கிறார்கள் என்று ஆராய்வோம். அந்தத் தொடரமைப்பின்மேல் பாடநூலை எழுதுவோம். இப்பணியை நானே தொடங்க இருக்கிறேன். உடன்வர விரும்புவோர் எழுதுங்கள்.

பேராசிரியருக்கு என் வணக்கம். தாங்கள் கூறியது ஒருவகையில் சரி: முக்கோணத்துக்கு மொழி தேவையில்லை. கருகிய மோட்டாருக்கு முன் நிற்கும் பையனுக்குத் தேவைப்படுகிறது. மறுப்புகளைப் பின்னூட்டத்தில் வரவேற்கிறேன்; எது மாறாதெனக் கொண்டு மறுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.